ஓபியாய்டை விட்ட பிறகுதான் ஆபத்து அதிகம்: மூளைக்குள் என்ன நடக்கிறது?

சென்னையிலும் மற்ற ஊர்களிலும் ‘போதைக்காகப் பதுக்கி வைத்திருந்த வலி நிவாரணி மாத்திரைகள் பறிமுதல்’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடுவது பெரும்பாலும் டேபெண்டடால் என்ற ஓபியாய்டு வகை மாத்திரை. படிப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், வலி மாத்திரையில் போதை எங்கிருந்து வந்தது என்பது. அடுத்தது இன்னும் சிக்கலானது. மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் இருந்து, உடம்பில் ஒரு துளி மருந்தும் இல்லாமல், சதை பிடித்துத் தெளிவாகத் திரும்பி வந்தவர் ஏன் மறுபடி அதையே தேடிப் போகிறார்? பழைய அளவைத்தானே எடுத்தார், பிறகு எப்படிச் செத்துப்போனார்?

‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். அது திட்டு, விளக்கம் இல்லை. ஓபியாய்டு மூளையில் ஒன்றல்ல, பல மாற்றங்களைச் செய்கிறது. மருந்தை நிறுத்தியதும் அவை எல்லாம் ஒன்றாக மறைவதில்லை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் மறைகிறது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாற்றம் முதலில் போய்விடுகிறது. தேட வைக்கும் மாற்றம் கடைசிவரை நிற்கிறது. இந்த வேக வித்தியாசம் புரிந்துவிட்டால் மேலே கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு சொற்கள்

1. ஓபியாய்டு. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதில் மார்பினும் கோடீனும் இருக்கின்றன. மார்பினை வேதிமாற்றம் செய்தால் ஹெராயின். ஃபென்டனில், மெதடோன், டிரமடால், டேபெண்டடால் ஆகியவை செடியின் பக்கமே போகாமல் ஆய்வகத்தில் உருவாக்கியவை. மூளையில் எல்லாம் ஒரே வகை ஏற்பியில் போய் ஒட்டுவதால் ஒரே குடும்பம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வீட்டில் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

2. ஏற்பி. நரம்பு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். அதற்குரிய வேதிப்பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குள் வேலை தொடங்கும். ஓபியாய்டுக்கு மூளையில் தனி ஏற்பி இருப்பதை 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். அதே ஆண்டு வேறு இரண்டு குழுக்களும் காட்டின. ஒரு செடியின் பாலுக்கு மனித மூளையில் எதற்கு ஏற்பி? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் விடை கண்டார்கள். மூளையே தனக்கு வேண்டிய ஓபியாய்டைச் சுரந்துகொள்கிறது. அவர்கள் கண்டெடுத்த பொருளின் பெயர் என்கெஃபலின். ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என மூன்று முக்கிய வகைகள் உண்டு. நமக்கு இங்கே மியூ போதும். பிறவியிலேயே மியூ ஏற்பி இல்லாதபடி 1996இல் சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது மார்பின் அவற்றின் வலியையும் குறைக்கவில்லை, போதையும் தரவில்லை, நிறுத்தியபோது அவதியும் வரவில்லை. மருந்தின் நல்லது கெட்டது இரண்டுமே ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன.

3. சினாப்ஸ். இரண்டு நரம்பு செல்கள் பேசிக்கொள்ளும் இடம். நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. ஒரு செல் அந்த இடைவெளியில் வேதிப்பொருளைக் கொட்டும். மறு செல் ஏற்பிகளால் அதை வாங்கிக்கொள்ளும். குளூட்டமேட் என்ற பொருள் அடுத்த செல்லைத் தூண்டும், காபா அடக்கும். குளூட்டமேட்டை வாங்கும் ஆம்பா ஏற்பிகள் கூடினால் அந்த இணைப்பு பலப்படும், குறைந்தால் தளரும். சைக்கிள் ஓட்டக் கற்பது முதல் முகங்களை ஞாபகம் வைப்பது வரை மூளையின் கற்றலுக்கெல்லாம் இந்தப் பலப்படுதலும் தளர்தலும்தான் அடிப்படை.

4. வெகுமதிச் சுற்று. நடுமூளையில் வி.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறு பகுதியில் டோபமின் செல்கள் இருக்கின்றன. அவை தம் இழைகளை முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள அக்கம்பென்ஸுக்கு அனுப்புகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி, அமிக்டலா, ஹிப்போகாம்பஸ், தாலமஸ் ஆகியவற்றிலிருந்தும் குளூட்டமேட் இணைப்புகள் அக்கம்பென்ஸுக்கு வந்து சேர்கின்றன. திட்டம், அச்சம், இடத்தின் ஞாபகம், உடம்பின் நிலை எல்லாம் அங்கே கூடி, ‘இப்போது எதை நோக்கிப் போவது’ என்ற முடிவாக மாறுகின்றன.

அடக்கும் மருந்து எப்படித் தூண்டுகிறது?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஓபியாய்டு அடிப்படையில் செல்லை அடக்கும் பொருள். மியூ ஏற்பியில் அது ஒட்டினால் பொட்டாசியம் வாசல்கள் திறந்து செல் மந்தமாகிறது. கால்சியம் வாசல்கள் மூடி, செல் வேதிப்பொருளைக் கொட்டுவது குறைகிறது. செல்லுக்குள் சுழற்சி ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளின் அளவும் இறங்குகிறது. வலி குறைவது இதனால்தான். ஆனால் வி.டி.ஏ.வில் டோபமின் செல்கள் மட்டும் சுறுசுறுப்பாகின்றன. எப்படி?

1992இல் ஸ்டீவன் ஜான்சனும் ஆலன் நார்த்தும் எலி மூளையின் மெல்லிய சீவல்களில் தனித்தனி செல்களின் மின்னோட்டத்தை அளந்து இதற்கு விடை சொன்னார்கள். வரிசை இப்படி:

1. டோபமின் செல்களை அருகிலிருக்கும் காபா செல்கள் எந்நேரமும் அடக்கி வைத்திருக்கின்றன. வி.டி.ஏ.வின் வால்பகுதியில் இருக்கும் ஒரு காபா செல் கூட்டத்துக்கும் இதே வேலை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.
2. மியூ ஏற்பிகள் நிறைந்திருப்பது இந்த காபா செல்களில்.
3. ஓபியாய்டு வந்ததும் காபா செல்கள் அடங்குகின்றன.
4. தடை விலகியதும் டோபமின் செல்கள் தாமாகவே வேகம் பிடிக்கின்றன. அக்கம்பென்ஸில் டோபமின் உயர்கிறது.

சரிவில் நிற்கும் வண்டிக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியதில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும். அதுதான் இங்கே நடக்கிறது.

டோபமின் என்றாலே ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளில் கண்டது இது: எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் டோபமின் செல்கள் துடிக்கின்றன, வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பழரசத்துக்குத் துடிப்பதில்லை, அதை அறிவிக்கும் விளக்குக்குத்தான் துடிக்கின்றன. அதாவது டோபமின் ‘நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, இதைக் கற்றுக்கொள்’ என்று சினாப்ஸுகளுக்குச் சொல்லும் குறிப்பு. சாப்பாட்டிலும் நட்பிலும் இந்தக் குறிப்பு எதிர்பார்ப்பு நிறைவேறியதும் தானே அடங்கிவிடும். ஓபியாய்டு தடையையே நீக்கிவிடுவதால் எத்தனையாவது முறையானாலும் குறிப்பு எழுந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் மூளை ‘இது எதிர்பார்த்ததைவிட மேல்’ என்றே பதிந்துகொள்கிறது.

கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் இதிலிருந்து இன்னொரு பிரிவைச் சொன்னார்கள்: பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு. நாள்பட்டவர்கள் பலர் ‘இப்போதெல்லாம் அதில் சுகமே இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று சொல்வது பொய்யில்லை. சுகம் தேய்ந்துபோகும், இழுப்பு வளரும்.

டோபமின்தான் முழுக்கதை என்றும் நினைக்க வேண்டாம். டோபமினே சுரக்க முடியாத சுண்டெலிகள்கூட மார்பின் கிடைத்த இடத்தை விரும்பிப் போகக் கற்றுக்கொண்டதை 2005இல் காட்டியிருக்கிறார்கள். அக்கம்பென்ஸிலேயே மியூ ஏற்பிகள் உண்டு. நேரடி வழியும் இருக்கிறது.

ஒரே ஒரு டோஸ், 24 மணி நேரம் கழித்து

உடம்பில் மார்பினின் அளவு சில மணி நேரத்தில் பெருமளவு இறங்கிவிடும். அது விட்டுப்போகும் தடம் அப்படி இறங்குவதில்லை.

2007இல் ஜூலி காவர் குழு எலிகளுக்கு ஒரே ஒரு முறை மார்பின் ஊசி போட்டு, மறுநாள் வி.டி.ஏ.வைப் பரிசோதித்தது. சாதாரணமாக டோபமின் செல் மிகையாகத் துடித்தால் அதுவே நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, தன்மேல் வரும் காபா இணைப்பைப் பலப்படுத்திக்கொள்ளும். மிஞ்சிப் போகாமல் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு இது. மார்பின் பெற்ற எலிகளில் 24 மணி நேரம் கழித்தும் அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. மருந்து போய்விட்டது, கட்டுப்பாடு திரும்பவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2003இல், ராபர்ட் மலென்கா குழு தூண்டும் பக்கத்தைப் பார்த்திருந்தது. கோகெய்ன், ஆம்ஃபெட்டமைன், மார்பின், நிகோட்டின், மது ஆகிய ஐந்தையும் சுண்டெலிகளுக்கு ஒவ்வொரு டோஸ் கொடுத்து மறுநாள் பார்த்தால், ஐந்திலும் டோபமின் செல்மீதான குளூட்டமேட் இணைப்பு பலப்பட்டிருந்தது. வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்கள், வந்து சேர்ந்த இடம் ஒன்று. அடிமைப்படுத்தாத மனநல மருந்துகளில் அந்த மாற்றம் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறு. போதைப்பொருளே கொடுக்காமல், குளிர்ந்த நீரில் நீந்த விட்டு நெருக்கடிக்கு உள்ளாக்கிய சுண்டெலிகளிலும் அதே சினாப்ஸ் அதே போலப் பலப்பட்டிருந்தது. மன அழுத்தமும் போதைப்பொருளும் ஒரே இணைப்பில் கைவைக்கின்றன. வேலை போனபோது, வீட்டில் சண்டை வந்தபோது பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்படும்போது ‘சாக்குச் சொல்கிறார்’ என்று தள்ளிவிடுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒரு டோஸில் சினாப்ஸ் மாறுகிறது என்றால் ஒரு டோஸில் அடிமையாகிறார் என்று பொருள் இல்லை. இந்த ஆரம்ப மாற்றங்கள் தற்காலிகமானவை. திரும்பத் திரும்ப எடுக்கும்போதுதான் மாற்றம் வி.டி.ஏ.விலிருந்து அக்கம்பென்ஸுக்குப் பரவி வேர் பிடிக்கிறது.

செல் கொடுக்கும் பதிலடி

தினமும் எடுத்தால் என்ன ஆகிறது? செல் சும்மா இருப்பதில்லை. 1975இல் ஷர்மா, கிளீ, நிரென்பெர்க் ஆகிய மூவரும் வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பு வகைச் செல்களில் மார்பினை நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். (இந்த நிரென்பெர்க், மரபுக் குறியீட்டைப் படித்ததற்காக 1968இல் நோபல் பரிசு வாங்கியவர்தான்.) முதலில் சுழற்சி ஏ.எம்.பி. விழுந்தது. நாளாக ஆக, அதைத் தயாரிக்கும் நொதியைச் செல் கூட்டிக்கொண்டு பழைய அளவுக்கு ஏறியது. இப்போது மார்பின் இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். மார்பினை எடுத்துவிட்டால் கூட்டிய நொதி மொத்தமும் தடையில்லாமல் வேலை செய்து, அளவு எல்லை மீறியது. தாங்குதிறனும் (பழைய அளவு போதாமல் போவது) விலகல் அவதியும் (மருந்தை நிறுத்தினால் வரும் துன்பம்) ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள் என்பது அந்த எளிய தட்டில் தெரிந்துவிட்டது.

அதே சமயம் ஏற்பிகளும் மழுங்குகின்றன. ஓயாமல் தூண்டப்படும் மியூ ஏற்பியில் பாஸ்பேட் சேர்ந்து, அரெஸ்டின் என்ற புரதம் ஒட்டி, ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. அளவைக் கூட்டினால்தான் பழைய விளைவு கிடைக்கும்.

மனிதரில் இது எப்படித் தெரியும் என்பதற்கு மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் நல்ல உதாரணம். உடம்பை உஷார்ப்படுத்தும் நோரட்ரினலினைச் சுரக்கும் இந்தச் செல்களை ஓபியாய்டு அடக்கி வைத்திருந்தது. நிறுத்தியதும் அவை கட்டவிழ்கின்றன. ஹெராயின் போன்ற குறுகிய நேர மருந்தானால் கடைசி டோஸிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, தூக்கமின்மை என்று தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். நோரட்ரினலினைக் கட்டுப்படுத்தும் குளோனிடின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இந்த அவதியைக் குறைப்பது இதனால்தான்.

அவதியும் ஒரு பாடம்

போதைதான் கற்பிக்கிறது என்று நினைக்கிறோம். போதை இறங்கும் வேதனை அதைவிடக் கண்டிப்பான வாத்தியார்.

ஸ்டான்ஃபோர்டில் ஷியாவோக் சென் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. தாலமஸின் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு சிறு பகுதியிலிருந்து அக்கம்பென்ஸுக்கு ஒரு குளூட்டமேட் இணைப்பு போகிறது. அக்கம்பென்ஸின் பெரும்பான்மைச் செல்களில் இரண்டு வகை: டி1 டோபமின் ஏற்பி உள்ளவை, டி2 உள்ளவை. பெரும்பாலும் டி1 ‘போ’ என்ற பக்கம், டி2 ‘வேண்டாம், விலகு’ என்ற பக்கம் என்று சொல்லலாம். உண்மையில் அவ்வளவு சுத்தமான பிரிவு இல்லை. மார்பினுக்குப் பழக்கப்பட்ட சுண்டெலிகளில் தாலமஸிலிருந்து டி2 செல்களுக்கு வரும் இணைப்பு மட்டும் குறிப்பாகப் பலப்பட்டிருந்தது. விலகல் அவதி தொடங்கும்போது அந்த வழி துடிக்கிறது, சுண்டெலி அந்த அனுபவத்தை வெறுக்கிறது, அது நடந்த இடத்தைத் தவிர்க்கிறது.

ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. ஒளியால் இயக்கும் முறையில் அந்த ஒரே இணைப்பை மெதுவான தாளத்தில் தூண்டித் தூண்டிப் பழைய பலத்துக்கு இறக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளுக்கு விலகல் அவதியின் அறிகுறிகள் தணிந்துபோயின. அவதி என்பது ரத்தத்தில் மருந்து குறைவது மட்டும் அல்ல, ஒரு குறிப்பிட்ட சினாப்ஸின் பலமும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அதே ஆண்டு யான் டோங் குழு இன்னொரு மாற்றத்தைக் கண்டது. கோகெய்ன் அக்கம்பென்ஸில் புதிய, இன்னும் பேசத் தொடங்காத சினாப்ஸுகளை உருவாக்குகிறது. மார்பினோ, டி2 செல்களில் ஏற்கெனவே இருக்கும் சினாப்ஸுகளிலிருந்து ஆம்பா ஏற்பிகளை உருவி அவற்றை ஊமையாக்குகிறது. ஊமையானவை பிறகு அழிக்கப்படுகின்றன. செல் இழைகளில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் சினாப்ஸ் முனைகள் மார்பின் பெற்ற எலிகளில் குறைந்திருப்பதை ராபின்சனும் கோல்பும் 1999லேயே எண்ணிக் காட்டியிருந்தார்கள்.

சேர்த்துப் பார்த்தால் படம் இதுதான்: பல இணைப்புகள் மெலிகின்றன, மருந்தையும் அதன் அவதியையும் ஒட்டிய சில இணைப்புகள் தடிக்கின்றன. மற்ற விருப்பங்கள் மங்கி, ஒன்று மட்டும் உரக்கக் கேட்கிறது. இவற்றில் பெரும்பகுதி எலியிலும் சுண்டெலியிலும் கண்டவை. உயிரோடிருக்கும் மனிதரின் சினாப்ஸை இப்படித் தனித்தனியாக அளக்க முடியாது. மனிதரில் ஸ்கேன் மூலம் பார்த்ததில், ஓபியாய்டு அடிமைப்பட்டவர்களின் மூளையில் டி2 ஏற்பிகள் குறைவாக இருப்பது தெரிகிறது.

உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. புற்றுநோய் வலிக்காக மார்பின் எடுப்பவரின் செல்களும் மேலே சொன்னபடி பழகிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அவருக்கும் அவதி வரும். அது உடல் சார்பு. அடிமைத்தனம் என்பது தீங்கு தெரிந்தும் நிறுத்த முடியாமல் தேடி அலைவது. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக எடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்துக்குப் போவதில்லை. ‘பழகிப்போய்விடும்’ என்று பயந்து, சாகும் தறுவாயில் இருப்பவருக்குக்கூட வீட்டார் மார்பினை மறுப்பது நம் ஊரில் நடக்கும் கொடுமை. நோயாளிகளுக்கு அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் திருத்தமே கொண்டுவந்தார்கள்.

எதிர்த்திசையில் தவறியது அமெரிக்கா. 1980இல் ஒரு மருத்துவ இதழில் சில வரிக் கடிதம் ஒன்று வந்தது: மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் அடிமையானதாகப் பதிவானது 4 பேர்தான் என்று. மருத்துவமனைப் படுக்கையில் கிடைத்த இந்த எண்ணிக்கையை, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை போடுபவர்களுக்கும் பொருத்திப் பலர் மேற்கோள் காட்டினார்கள். 1996இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தபோது அந்த நம்பிக்கை தயாராக இருந்தது. 2022இல் அமெரிக்காவில் ஓபியாய்டு அளவு மீறலில் இறந்தவர்கள் 80,000க்கும் மேல், பெரும்பாலும் ஃபென்டனில்.

மூன்று மாற்றம், மூன்று வேகம்

சரி, இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். மருந்தை நிறுத்திய நாளிலிருந்து மூன்று கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன.

1. தாங்குதிறன். மூச்சின் தாளத்தை உண்டாக்கும் செல்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அவற்றிலும் மியூ ஏற்பிகள் உண்டு. அளவு மீறலில் சாவு வருவது மூச்சு நின்றுதான். தொடர்ந்து எடுப்பவருக்கு மூச்சு விஷயத்திலும் ஓரளவு தாங்குதிறன் வந்திருக்கும். நிறுத்திய சில நாட்களிலேயே அது கரையத் தொடங்கி, சில வாரங்களில் பெரும்பாலும் போய்விடும்.

2. விலகல் அவதி. உடல் அறிகுறிகள் பத்து நாளில் தணிந்துவிடும். தூக்கக் கோளாறும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

3. கற்ற சினாப்ஸுகள். இடம், ஆள், ஊசி, சம்பளத் தேதி ஆகியவற்றோடு மருந்தைக் கோத்து வைத்த இணைப்புகள். இவை மாதங்கள், ஆண்டுகள் நிற்கும். ஃபாஸ்-பி வகைப் புரதம் ஒன்று அக்கம்பென்ஸ் செல்களில் வாரக்கணக்கில் சிதையாமல் தங்கி மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுவதும் இந்த நிலைப்புக்குத் துணை.

முதல் கடிகாரம் நின்று, மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காலம்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம். ஆள் ஆரோக்கியமாகத் தெரிவதும் அப்போதுதான். இழுப்பு பழைய அளவை நோக்கி இழுக்கிறது. மூச்சுக்கு அந்த அளவு இப்போது புதிது.

இது வெறும் தர்க்கம் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் போதை அளவு மீறலால் சாகும் வாய்ப்பு அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. மருந்தில்லாமல் அடைத்து வைத்து ஒரு நாள் வெளியே அனுப்பினால் மூளைக்குச் சிறையும் ஒன்றுதான், மறுவாழ்வு மையமும் ஒன்றுதான்.

சூழல் எவ்வளவு ஆழமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை ஷெப்பர்டு சீகல் 1982இல் காட்டினார். எலிகளை ஹெராயினுக்குப் பழக்கிவிட்டு, கடைசியில் பெரிய டோஸ் ஒன்றைக் கொடுத்தார். வழக்கமாக மருந்து கிடைக்கும் அதே அறையில் பெற்ற எலிகளில் 32 சதவீதம் இறந்தன. அதே டோஸை வேறு அறையில் பெற்றவற்றில் 64 சதவீதம். ஹெராயினே பார்த்திராத எலிகளில் 96. பழகிய அறையைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே எதிர்வினையைத் தயார் செய்துகொள்கிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை. தாங்குதிறனில் ஒரு பங்கு கற்றல் என்பது இதன் பொருள். அப்புறம், அதே அறை அந்த எதிர்வினையைக் கிளப்பும்போது மருந்து கிடைக்காவிட்டால் அதுவே விலகல் அவதியாகவும் இழுப்பாகவும் உணரப்படும். பழைய தெருவுக்குள் நுழைந்ததும் மூக்கொழுகி, வயிறு கலங்கிற்று என்று சொல்பவர் நடிக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் 20 சதவீதம் பேர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகிவிட்டதாகச் சொன்னார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். அடிமையானவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான், மூன்று ஆண்டுகளில் 12. காடு, முகாம், தோழர்கள், பயம் என்று மருந்தோடு கோத்திருந்த குறிப்புகள் எதுவும் அமெரிக்க ஊர்களில் இல்லை. சினாப்ஸ் மாறிவிட்டால் விதி முடிந்தது என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை பதில். மறுவாழ்வு மையத்திலிருந்து வருபவருக்கு நிலைமை நேர் எதிர்: சிகிச்சை வேறிடத்தில், திரும்பி வருவது அதே தெருவுக்கு.

சிகிச்சை இந்தக் கடிகாரங்களை எப்படிக் கையாள்கிறது?

வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் நியூயார்க்கில் 1960களின் நடுவில் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியபோதும், புப்ரெனார்ஃபின் பின்னால் வந்தபோதும் எழுந்த குற்றச்சாட்டு ஒன்றே: ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? இரண்டுமே மியூ ஏற்பியில் ஒட்டுபவைதான், மறைக்க ஒன்றுமில்லை. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ஹெராயின் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும்; ஒவ்வொரு இறக்கமும் மேலே பார்த்த விலகல் பாடத்தை மறுபடி ஓதும். மெதடோனும் புப்ரெனார்ஃபினும் ஒரு நாளுக்கு மேல் நிலையாக நிற்கும். ஏற்ற இறக்கம் நின்றால் பாடமும் நிற்கும். மூச்சின் தாங்குதிறனும் கரைந்துவிடாமல் இருக்கும்.

புப்ரெனார்ஃபினில் கூடுதலாக ஒரு நுட்பம். அது ஏற்பியில் இறுக்கமாக ஒட்டும், ஆனால் பாதியளவே தூண்டும். அதனால் மேலே ஹெராயின் எடுத்தாலும் ஒட்ட இடமில்லை. மூச்சை அடக்கும் விளைவும் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே அவசரப்பட்டுக் கொடுத்தால் முழுத்தூண்டலைத் தள்ளிவிட்டுப் பாதித்தூண்டல் உட்காரும். கடும் விலகல் அவதி சட்டென்று வரும். லேசான அவதி தொடங்கும்வரை மருத்துவர் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் நடக்கும் மாற்று மருந்து மையங்களில் இது நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, மெதடோன் சிகிச்சையில் இருக்கும் 1000 பேரில் ஆண்டுக்கு 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் 36 பேர். வெளியேறிய முதல் நான்கு வாரம் குறிப்பாக மோசம். முதல் கடிகாரத்தின் கணக்கு இங்கேயும் வருகிறது. ‘மூன்று மாதம் போட்டாச்சு, இனி மாத்திரை எதற்கு’ என்று குடும்பமே நிறுத்தச் சொல்வதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு.

அளவு மீறிவிட்டால் நலோக்சோன். அது மியூ ஏற்பியிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், தூண்டாது. சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இங்கே அது பெரும்பாலும் மருத்துவமனை ஊசிதான். எனவே மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கி, உதடு நீலம் பாரித்துக் கிடப்பவரைப் பார்த்தால் ‘போதையில் தூங்குகிறான்’ என்று விட்டுவிடாமல் 108ஐ அழைக்க வேண்டும், என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். பல ஓபியாய்டுகள் அதற்குமேல் உடம்பில் நிற்கும். கண் விழித்துப் பேசுகிறாரே என்று அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அழைத்துப் போனால், மருந்தின் வேலை முடிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். மருத்துவர் போகச் சொல்லும்வரை கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும்.